பெரியண்ணி தலையாட்டிய ஞாயிற்றுக்கிழமை

பெரியண்ணி தலையாட்டிவிட்டால் அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. கொழுந்தனும் நாத்தனாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய கணவரும் அதையேதான் சொல்வார். சொல்லிவிட்டு, தனக்கு அவளிடம் பயமெல்லாம் கிடையாது என்று யாரும் கேட்காமலே சேர்த்துக்கொள்வார். இரண்டு பேருக்கு அண்ணியாக அந்த வீட்டுக்குள் வந்தவள், போகப்போகத் தெருவுக்கே பெரியண்ணி ஆகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்த பால்காரர்கூட, "பெரியண்ணி, பாக்கெட் போதுமா, இன்னொண்ணு தரட்டுமா?" என்றுதான் கேட்பார். அவள் தலையை ஆட்டுவாள். அது போதும் என்றா, இன்னொன்று என்றா என்பதை அவரே முடிவு செய்துகொண்டு போய்விடுவார்.

வாய் பேசத் தெரியாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளே அவள்தான். காலையில் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் மாலை வரைக்கும் வாய் ஓயாது. கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை. ஊரே வரிசையில் நின்று அந்த ஓட்டையில் வாயை வைத்துக் கேட்கும். எந்த பஸ் எப்போது வரும், எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவள் தலைக்கு மேலேயே பெரிய பலகையில் எழுதியிருக்கிறது. ஜனங்கள் அந்தப் பலகையை நிதானமாகப் படித்து முடிப்பார்கள். பிறகு அதில் இருப்பதையே அவளிடம் கேட்பார்கள். எழுத்தின் மேல் இந்த ஊரில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஒருவர் செல்போனை ஓட்டை வழியாகத் தள்ளி, சார்ஜ் போட்டுத் தரச் சொல்வார். ஒரு அம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்து, "எங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாரும்மா, எந்த பஸ்ஸுன்னு சொல்லு" என்றாள். பெரியண்ணி அதற்கும் முகம் சுளிக்கவில்லை. "கோவமா, ரொம்பக் கோவமா?" என்று விசாரித்தாள். ரொம்பக் கோபம் என்று தெரிந்ததும் தூரத்து ஊர் பஸ்கள் நிற்கும் பக்கம் கையைக் காட்டினாள். மனிதர் அங்கேதான் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்.

இப்படி நாள் முழுக்கப் பேசியவளுக்கு வீட்டுக்கு வரும்போது பேச்சு தீர்ந்துபோயிருக்கும். மிச்சம் இருப்பது தலையாட்டல் மட்டும்தான். குடும்பம் அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டது.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பலவீனம். பழைய கௌபாய் படங்கள். அதுவும் பெரிய செலவில் எடுத்த நல்ல படங்கள் இல்லை. கைக்காசைப் போட்டு, இருந்த குதிரைகளை வைத்து, கிடைத்த மலையடிவாரத்தில் அவசர அவசரமாக எடுத்துத் தள்ளிய படங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு சேனலில் அவற்றைத் தமிழில் பேச வைத்துப் போடுவார்கள். அந்த நேரத்தில் நாட்டில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்ற தைரியம் அந்தச் சேனலுக்கு.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது கல்யாணமான புதிதில். மாமனார் மாமியார் இருந்த காலம். வீடு கொள்ளாத ஜனம். வருகிற உறவுக்கு ஒரு கணக்கில்லை. நான்கைந்து வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு தரம் கேட்பார்கள். அப்படி ஒரு ஞாயிறு, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, பாத்திரம் கழுவின ஈரக்கையோடு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். படத்தில் ஒருவன் குதிரையில் புழுதி பறக்க ஓர் ஊருக்குள் வந்தான். குதிரையைக் கட்டினான். மதுக்கடைக்குள் நுழைந்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். போச்சு, இப்போது கேட்பார்கள், நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், கல்யாணம் ஆச்சா, எத்தனை குழந்தை என்று பெரியண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருத்தர் கேட்கவில்லை. அவன் குடித்தான், தம்ளரைக் கவிழ்த்தான், வெளியே போனான்.

"அடேயப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். மாமியார் புரண்டு படுத்தார்.

அன்றைக்கு விழுந்தவள்தான். பிறகு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய்விட்டாள். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்தார்கள். கொழுந்தன் தனிக்குடித்தனம் போனான். ஞாயிறு மூன்று மணி மட்டும் அசையவில்லை. அந்த ஊருக்கு பஸ் கிடையாது, ஆகவே விசாரணை கிடையாது. கதாநாயகன் விசில் அடித்தால் குதிரை வந்துவிடும். தாமதத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. படம் முடிகிறவரைக்கும் ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று ஒருவரும் பேச மாட்டார்கள். கடைசியில் அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விடுவான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகக்கூடாதா என்று கையைப் பிடித்து இழுக்க ஆளில்லை. இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று அவள் ஏங்கிப்போவாள்.

படங்களின் ஏழ்மையும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. துரத்துகிறவனும் துரத்தப்படுகிறவனும் ஒரே பாறையை மூன்று தரம் கடப்பார்கள். ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்தினால் பின்னால் துணியில் வரைந்த மலை ஆடும். கொள்ளைக்காரன் கையில் வாட்ச் மின்னும். தமிழில் குரல் கொடுத்தவர்கள் மொத்தம் மூன்றே பேர் என்பதால் பாதிரியாரும் கொலைகாரனும் ஒரே குரலில், "மூடனே, நீ உன் கல்லறையைத் தேடி வந்திருக்கிறாய்" என்பார்கள். பாதிரியார் அதைக் கொஞ்சம் அன்பாகச் சொல்வார். தமிழ் முடிந்த பிறகும் வாய் நாலு தரம் அசைந்துவிட்டுத்தான் மூடும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்கு உயிர், கூரைக்காரன். அது அவள் வைத்த பெயர். ஒட்டிய கன்னமும் பெரிய காதுகளுமாக ஒரு துணை நடிகன். எந்தப் படமானாலும் சண்டை ஆரம்பித்ததும் துப்பாக்கியோடு கூரைமேல் ஏறுவான், குண்டு படும், கையை விரித்துக்கொண்டு வைக்கோல் மேல் விழுவான். சில படங்களில் மீசை வைத்துக்கொண்டு வந்து இரண்டாம் தரமும் விழுவான். கதாநாயகனுக்கு அவனைச் சுடுவதே தொழில். "பாவம், இன்னைக்கும் செத்தான்" என்று பெரியண்ணி உச்சுக்கொட்டுவாள். சொந்தக்காரர்களின் சாவுக்குக்கூட அவள் அவ்வளவு வருத்தப்பட்டதில்லை. அதில் பாதிப் பேர் விசேஷம் உண்டா என்று கேட்டவர்கள்.

உறவுகளுக்கும் ஓய்வு கிடைப்பது ஞாயிறு மதியம்தானே? பஞ்சாயத்தெல்லாம் அப்போதுதான் வந்து சேரும். பெரியண்ணி டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வந்தவர்களை எதிரே உட்கார வைப்பாள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் படம் ஓடும். ஒரு தரம் கொழுந்தனும் அவன் மனைவியும், அதாவது பெரியண்ணியின் ஓரகத்தி, சண்டை போட்டுக்கொண்டு வந்து, மாறி மாறிக் குற்றம் சொன்னார்கள். பெரியண்ணி கண்ணைச் சுருக்கி, இருவரின் தலைகளுக்கும் நடுவே எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பேசவில்லை. கொழுந்தனுக்கு உதறல் எடுத்தது. தன் தப்பை ஒவ்வொன்றாகத் தானே ஒப்புக்கொள்ள ஆரம்பித்தான். ஓரகத்தியும் விடவில்லை, அவள் பங்குக்கு இரண்டை ஒப்புக்கொண்டாள். படம் முடியும்போது இருவரும் அழுது சமாதானமாகிவிட்டார்கள். பெரியண்ணி தலையை ஆட்டினாள். "அண்ணி ஒண்ணுமே பேசல, ஆனா மனசைக் குடைஞ்சு எடுத்துட்டாங்க" என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொன்னான். பெரியண்ணிக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது, மரியாதை யாருக்குத்தான் கசக்கும்?

விஷயத்துக்கு வருவோம். அந்த ஞாயிறு அதிசயம் ஒன்று நடந்தது. கூரைக்காரன் பேசினான்.

முதல் காட்சியிலேயே ஊர்க் காவலருக்கு உதவியாளனாக வந்து, "ஐயா, குதிரைகள் தயார்" என்றான். பெரியண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடைவேளை தாண்டியும் அவன் சாகவில்லை. கூரை வந்தது, ஏணி வந்தது, அவன் ஏறவில்லை. பெரிய காவலர் அடிபட்டு விழுந்து, துப்பாக்கியை எடுத்து இவன் கையில் கொடுத்தார். சரியாக அந்த நேரத்தில்தான் நாத்தனார் உள்ளே வந்தாள்.

நாத்தனார் அந்த வீட்டின் கடைக்குட்டி. கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு தையல் மெஷினை வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைத்து மகனைப் படிக்க வைத்து, அவனும் வேலைக்குப் போய்விட்டான். அதிர்ந்து பேச மாட்டாள். அன்றைக்கு ஓடி வந்தவள் போல முகமெல்லாம் சிவந்திருந்தது. பெரியண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பேசினாள். பெரியண்ணி "ம்" கொட்டினாள். அங்கே தெருவின் அந்தக் கோடியில் கொள்ளைக்கூட்டத் தலைவன். இந்தக் கோடியில் கூரைக்காரன். "நீங்க என்ன சொல்றீங்க அண்ணி? செய்யட்டுமா?" என்று நாத்தனார் கேட்டாள். கூரைக்காரன் துப்பாக்கியை உயர்த்தினான். பெரியண்ணி தலையை ஆட்டினாள். சும்மா ஆட்டவில்லை, உடம்பே ஆட, சுடுடா, சுடு, என்று ஆட்டினாள். அவன் சுட்டான். தலைவன் விழுந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தரமாகக் கூரைக்காரன் காலூன்றி நின்றான். பெரியண்ணியின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

நாத்தனார் அந்தக் கண்ணீரைப் பார்த்தாள். அவளும் அழுதாள். "இது போதும் அண்ணி" என்று பெரியண்ணியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனாள். விளம்பரம் வந்த பிறகுதான் பெரியண்ணிக்குப் பக்கத்தில் யாரோ இருந்த ஞாபகம் வந்தது.

"ஏங்க, உங்க தங்கச்சி வந்துட்டுப் போனாளா?" என்று உள்ளறையைப் பார்த்துக் கேட்டாள். கணவர் தூங்கி எழுந்து, "எப்ப?" என்றார். அவரைக் கேட்டு என்ன பிரயோஜனம்?

மறுநாள் கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டி நின்றபோது ஓரகத்தியின் போன் வந்தது.

"அக்கா, நீங்களா இப்படிச் சொன்னீங்க? என்னால நம்பவே முடியல."

எதற்குத் தலையாட்டினோம் என்று கேட்டால் மானம் போய்விடும். "ஏன், நான் சொல்லக் கூடாதா?" என்று பெரியண்ணி சமாளித்தாள்.

"சொல்லலாம், ஆனா இந்த வயசுலக்கா…"

நாத்தனார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாளோ என்று தோன்றியது. "வயசுல என்ன இருக்கு? இப்பல்லாம் எல்லாரும்தான் செய்யறாங்க."

"எல்லாருமா!"

"கொஞ்ச நாள் பயமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

ஓரகத்தி, "அக்கா, நீங்க வேற மாதிரி ஆளுக்கா. நம்ம குடும்பத்துல யாருக்கா ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பழகறதுக்கு? அதுவும் அந்த மெஷின் ரிப்பேர்காரரை! உங்க கொழுந்தன் சாப்பிடவே இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் அங்க வரோம்" என்று வைத்துவிட்டாள்.

ஓட்டைக்கு வெளியே ஒருவர், "அடுத்த பஸ் எப்பம்மா?" என்றார். பெரியண்ணி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பாவம், மனிதர் வேறு வழியில்லாமல் பலகையை நம்பினார்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொந்த மானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவளை உறுத்தியது வேறு. அன்றைக்கு மட்டும் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் தான் தலையாட்டியிருக்க மாட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பொறு என்றிருப்பாள். மகனைக் கேள், அண்ணன்களைக் கேள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசி என்றிருப்பாள். நாத்தனாரும் சரி அண்ணி என்று திரும்பிப் போய், வாழ்நாள் முழுக்கப் பொறுத்திருப்பாள். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நான் கேட்கவே இல்லை, படம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் ரத்தாகிவிடும். கேட்டுத்தான் சொன்னேன் என்று சாதித்தால் கல்யாணம் நடக்கும், ஆனால் அது பொய். நல்ல பொய்தானே என்று காலையில் தோன்றும். மாலையில் அந்தப் பெண் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது ஞாபகம் வந்து உடம்பு கூசும்.

ஞாயிறு மூன்று மணிக்கு எல்லோரும் கூடிவிட்டார்கள். கை பழக்கத்தில் டிவியைப் போட்டுவிட்டது. கொழுந்தன் உட்காராமல் நின்றுகொண்டே ஆரம்பித்தான். அவனுக்கு வேலை மின்வாரியத்தில், வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவது.

"எல்லா வீட்டுக்கும் உள்ள போறவன் நான், அண்ணி. ஒரு வீடு பாக்கியில்ல. ஒவ்வொரு வீட்லயும் கேப்பாங்க, உன் தங்கச்சிக்கு இந்த வயசுல கல்யாணமாமேன்னு. நான் மீட்டரைப் பாப்பேனா, அவங்க மூஞ்சியப் பாப்பேனா? நீங்க நிஜமாவே சரின்னு சொன்னீங்களா?"

எல்லாக் கண்களும் பெரியண்ணி மேல். நாத்தனார் ஓரமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். டிவியில் கூரைக்காரன் வந்துவிட்டான். போன வாரத்துப் பதவி போய்விட்டது. பழையபடி ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். பெரியண்ணி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். முப்பது வருஷத்தில் பாதியில் அணைத்தது அன்றைக்குத்தான்.

"தலையாட்டினேன். ஆனா அவ சொன்னதை நான் கேக்கல, தம்பி. படம் பாத்துட்டு இருந்தேன். படத்துக்குத்தான் தலையாட்டினேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. ஓரகத்திக்குத்தான் முதலில் விளங்கியது. "அப்ப… எங்க சண்டையப்போ?" என்றாள் மெதுவாக.

"அன்னைக்கு ரயில் கொள்ளை" என்றாள் பெரியண்ணி.

கொழுந்தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அவன் ஒப்புக்கொண்ட தப்புகள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முகத்தில் வந்து போயின. ஆனால் சட்டென்று தெளிந்துவிட்டான். "அப்ப இது செல்லாது! அண்ணி சரின்னு சொல்லவே இல்ல!"

"செல்லாதுதான்" என்றாள் பெரியண்ணி.

நாத்தனார் எழுந்தாள். குரல் உயரவில்லை. "நான் ஒண்ணும் சம்மதம் கேட்டு வரல, சின்னண்ணா. அவருக்குச் சரின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். வந்த சந்தோஷத்தை யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. எனக்கு அண்ணியை விட்டா யாரு இருக்கா? செய்யட்டுமான்னு ஒரு பேச்சுக்குக் கேட்டேன்." செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

பெரியண்ணிக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. எழுந்து ஓடி அவள் கையைப் பிடித்தாள். "போகாத. உக்காரு. முதல்லேர்ந்து சொல்லு, இப்பக் கேக்கறேன்."

"எல்லாரும் இருக்காங்களே அண்ணி."

"இருக்கட்டும். கேக்கட்டும்."

நாத்தனார் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு நாள் மெஷின் ஊசி உடைஞ்சுச்சு. அவசரத்துல புது ஊசியைத் திருப்பி மாட்டிட்டேன். ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்கும், அது மாறிட்டா தையல் விட்டு விட்டு விழும். மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு அவருக்குப் போன் போட்டேன். வந்தாரு, ஊசியை நேரா மாட்டினாரு, 'இவ்ளோதாம்மா'ன்னு கிளம்பிட்டாரு. இத்தனை வருஷம் தைக்கறவளுக்கு இதுகூடவா தெரியலன்னு எனக்கு ஒரே வெக்கம். ஒரு டீ போட்டுக் குடுக்கக்கூட நேரமில்ல."

"அப்புறம்?" என்றாள் ஓரகத்தி.

"அடுத்த மாசம் நானே திருப்பி மாட்டினேன்."

"வேணும்னேவா?" என்றான் கொழுந்தன்.

"வேணும்னேதான். வந்தாரு. ஊசியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. மெஷினையே முழுசாக் கழட்டிட்டாரு. ஒவ்வொண்ணாத் துடைச்சு, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. கடைசியாத்தான் ஊசியைத் தொட்டாரு. 'பெரிய ரிப்பேர்தாம்மா, அடிக்கடி வந்து பாக்கணும் போலிருக்கு'ன்னாரு."

"டீ?" என்றாள் ஓரகத்தி.

"ரெண்டு தடவை குடிச்சாரு."

"அடிக்கடி திருப்பினா அவருக்கே சந்தேகம் வராதா?" கொழுந்தன் தன்னை அறியாமல் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

"மெஷின் ரெண்டு இருக்கில்ல, சின்னண்ணா. மாத்தி மாத்தித் திருப்புவேன்."

பெரியண்ணியின் கணவர் உரக்கச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"பையன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள் பெரியண்ணி.

"சொன்னேன். 'மெஷின் மாமாவா? அந்த மெஷின் அவ்ளோ கெடும்போதே நினைச்சேன்'னான். போன வாரம் பள்ளிக்கூடம் திறக்கற நேரம், வேலை தலைக்கு மேல. ஊசியைத் திருப்பக்கூட நேரமில்ல. ஞாயித்துக்கிழமை அவரா வந்து நின்னாரு. 'மெஷின் எப்படி இருக்கு?'ன்னாரு. நல்லா ஓடுதுன்னேன். அவர் முகம் செத்துப்போச்சு. கைல இருந்த பையைக்கூடக் கீழ வைக்கல. 'மெஷின் கெடாமலே நான் இங்க இருக்கறதுக்கு வழி இருக்கா, யோசிச்சுச் சொல்லுங்க'ன்னாரு. நான் யோசிக்கவே இல்ல. சரின்னுட்டேன்."

"அப்புறம்?" கேட்டது கொழுந்தன்.

"அப்புறம்தான் வீட்டைப் பூட்டிட்டு அண்ணிகிட்ட ஓடி வந்தேன். அண்ணி படம் பாத்துட்டு இருந்தாங்க."

பெரியண்ணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெட்கமும் துக்கமும் சேர்ந்த அழுகை. குதிரையில் வந்து குதிரையில் போகிற அந்த ஆளை நினைத்து இத்தனை வருஷம் பொறாமைப்பட்டிருக்கிறாள். ஒரு சந்தோஷம் வந்தால் அவன் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வான் என்று ஒரு தரம்கூட யோசித்ததில்லை. தன்னிடம் ஓடி வருவதற்கு ஒருத்தி இருந்தாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தான் கூரைக்காரனுக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறோம்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "குறட்டை விடுவாரா?"

"எனக்கெப்படித் தெரியும் அண்ணி!"

"விட்டாலும் பரவால்ல. பண்ணிக்க. இப்ப முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன், பண்ணிக்க." தலையை ஆட்டவில்லை, வாயால் சொன்னாள், வாசல் வரைக்கும் கேட்கும்படி.

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "இல்ல அண்ணி, வீட்டுக்கு வீடு கேப்பாங்களே…"

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க, தம்பி. நாள் முழுக்க விசாரணைக் கவுண்டர்லதானே உக்காந்திருக்கேன். வரிசைல வந்து நிக்கச் சொல்லுங்க."

பெரியண்ணியின் கணவர்தான் அபூர்வமாக ஒரு கேள்வி கேட்டார். "இப்ப மெஷின் ரெண்டும் எப்படி இருக்கு?"

"நேத்துலேர்ந்து ரெண்டுமே தையல் விடுது, பெரியண்ணா" என்றாள் நாத்தனார், தரையைப் பார்த்தபடி.

"அப்ப போன் போடு" என்றாள் பெரியண்ணி. "அவசர ரிப்பேர்னு சொல்லி இங்க வரச் சொல்லு."

"இங்க மெஷினே இல்லையே அண்ணி?"

"சொல்லு, வருவாரு."

வந்தார். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் கருவிப் பையோடு வாசலில் நின்றார். கூடத்தில் இத்தனை பேரைப் பார்த்ததும் மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுற்றுமுற்றும் தையல் மெஷினைத் தேடினார். "மெஷின் எங்கம்மா?" என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்.

நாத்தனார் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். கொழுந்தன் எழுந்தான். பெரியண்ணிக்கு ஒரு நொடி பகீரென்றது. அவன் நேரே போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தான். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டான்.

"மெஷினை அப்புறம் பாக்கலாம்" என்றான். "முதல்ல உக்காருங்க, மாப்ளே."